சோஷலிசம் என்ற பெயரும் நம் வீட்டுப் பீடித் தட்டும்

(டிரஸ்டின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





சென்ற மாதம் ஒரு நாள், பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைப் படிவங்களைச் சரிபார்க்க நம் டிரஸ்ட் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தோம். அப்போது தம்பி ஒருவர் செல்போனை நீட்டினார். நம் அரசியல் சட்டத்தின் முகவுரையிலிருந்து 'சோஷலிஸ்ட்', 'செக்யூலர்' என்ற இரண்டு சொற்களை நீக்க வேண்டும் என்று போட்ட மனுக்களை 2024 நவம்பர் 25 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது அல்லவா, அந்தச் செய்தி. தம்பிக்கு ஒரே சந்தோஷம். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், "செக்யூலர் சரிப்பா, அது நமக்கு வேணும். சோஷலிசம்னா அல்லாஹ்வை நம்பாதவன் கொள்கைல்லா? அது இருந்தா என்ன, போனா என்ன?" என்றார். உடனே இன்னொருவர், "என்ன காக்கா இப்படிச் சொல்றீங்க, இஸ்லாமே சோஷலிசம்தானே" என்றார். அதற்குள் மூன்றாமவர் ஒரு குரல் பதிவைப் போட்டுக் காட்டினார். அரபியில் சோஷலிசத்துக்கு 'இஷ்திராக்கிய்யா' என்று பெயராம், 'ஷிர்க்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வருகிறதாம், ஆகவே சோஷலிசம் ஷிர்க்காம். அந்த வேருக்குப் பங்கு, கூட்டு என்று பொருள். கூட்டு வியாபாரத்துக்குச் சொல்லும் 'ஷரிகத்' என்ற சொல்லும் அதிலிருந்துதான் வருகிறது. அந்தக் கணக்கில் நம் பஜாரில் பங்குக்குக் கடை வைத்திருப்பவர்கள் எல்லாம் என்ன ஆவது?

ஒரு மணி நேரம் பேசியிருப்போம். தேநீரும் இரண்டு முறை வந்தது. அந்த ஒரு மணி நேரமும் ஒரு தாய் தன் மகளின் படிவத்தோடு வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கத் தொழிலாளர் அடையாள அட்டை வேண்டும். இருபது வருடமாகப் பீடி சுற்றுகிறார். அட்டை இல்லை. "கடையில கேட்டேன், உன் பேரு கணக்குலயே இல்லைன்னுட்டாங்க" என்றார். சோஷலிசம் ஹலாலா ஹராமா என்று பேசிக்கொண்டிருந்த நாங்கள் யாரும் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை.

அந்த வெட்கத்தில்தான் இந்த மாதம் இதைப் பேசலாம் என்று எடுத்துக்கொண்டோம்.

முதலில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? அதன் கண்டிப்பான பொருளில் சோஷலிசம் கேட்பது ஒரே கேள்வி: நிலம், மில், சுரங்கம், வங்கி போன்றவை யாருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும்? தனி முதலாளியிடம் இருந்தால் லாபம் அவருக்குப் போகும், எதைச் செய்வது, யாரை வேலையை விட்டு நிறுத்துவது என்ற முடிவும் அவர் கையில் இருக்கும். ஆகவே அவை சமுதாயத்தின் கையில் இருக்கட்டும் என்பது சோஷலிஸ்டுகளின் வாதம். சமுதாயம் என்றால் யார் என்பதில்தான் அவர்களுக்குள்ளேயே சண்டை. அரசாங்கம் என்றார்கள் சிலர். தொழிலாளர்கள் சேர்ந்து நடத்தும் கூட்டுறவு என்றார்கள் சிலர். இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊர் நெசவாளிகள் 1844இல் தொடங்கிய கூட்டுறவுக் கடை இரண்டாவது வழிக்குப் பேர் பெற்றது. நம் ஊர்க் கைத்தறிச் சங்கமும் அதன் தூரத்துப் பேரப்பிள்ளை என்று சொல்லலாம். புரட்சி செய்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பிரிவு போயிற்று. தேர்தலில் ஜெயித்து, சட்டம் போட்டு, முதலாளிமேல் வரி வைத்து, அந்தப் பணத்தில் ஆஸ்பத்திரியும் பென்ஷனும் கொடுத்தால் போதும் என்று இன்னொரு பிரிவு போயிற்று. தமிழில் இதற்குச் சமதர்மம் என்றார்கள், கம்யூனிசத்துக்குப் பொதுவுடைமை என்றார்கள். பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் முதல் பக்கத்தில் முகவுரை இருக்கும், அதில் 'சமநலச் சமுதாயம்' என்று போட்டிருக்கும். அதுவும் இந்தச் சொல்தான்.

கடவுள் மறுப்பு? மார்க்ஸ் மதத்தை ஏற்கவில்லை, சோவியத் ஆட்சி மத்திய ஆசியாவில் எத்தனையோ பள்ளிவாசல்களை மூடியது. பெரியவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் சோஷலிசம் என்று சொன்னவர்கள் எல்லாம் அப்படி இல்லை. அதற்கு நம்மிலிருந்தே ஓர் ஆளைச் சொல்கிறோம். மௌலானா ஹஸ்ரத் மோஹானி. உருதுக் கவிஞர், தொழுகையாளி, பலமுறை ஹஜ் செய்தவர். 'இன்குலாப் ஜிந்தாபாத்' என்ற முழக்கத்தை உருவாக்கியவர். 1925இல் கான்பூரில் நடந்த கம்யூனிஸ்ட் மாநாட்டின் வரவேற்புக் குழுத் தலைவரும் அவரே. அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தார். 1949 அக்டோபரில் முகவுரை விவாதத்துக்கு வந்தபோது, இந்தியா சோவியத் யூனியனைப் போல ஒரு சோஷலிசக் குடியரசுகளின் ஒன்றியமாக இருக்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். சபை ஏற்கவில்லை. முகவுரையில் அந்தச் சொல் வேண்டும் என்று அன்றைக்கே கேட்டவர்களில் ஒரு மௌலானாவும் இருந்தார் என்பதை அந்தக் குரல் பதிவைச் செய்தவருக்கு யாராவது சொல்லுங்கள்.

அதே சமயம் 'இஸ்லாமே சோஷலிசம்தான்' என்பதையும் அப்படியே விழுங்க முடியாது. ஜகாத் கொடுப்பவர் சொத்தின் உரிமையாளர். அவர் சொத்தில் ஏழைக்கு ஒரு பங்கு கடமையாக இருக்கிறது, அதைக் கொடுத்தே ஆக வேண்டும், ஆனால் சொத்து அவருடையது. வாரிசுரிமை, கூட்டு வியாபாரம், வட்டித் தடை எல்லாம் தனிச் சொத்து இருக்கிறது என்பதை வைத்துத்தான் பேசுகின்றன. செல்வம் பணக்காரர்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது என்ற கருத்து அல்ஹஷ்ர் அத்தியாயத்தின் ஏழாவது வசனத்தில் இருக்கிறது. மேடைப் பேச்சாளர்கள் அதைக் காட்டுவார்கள். அந்த வசனத்தின் கவலையும் சோஷலிஸ்டின் கவலையும் ஓரிடத்தில் சந்திக்கின்றன, அவ்வளவுதான். வழி வேறு.

அந்தச் சந்திக்கும் இடத்தைப் பிடித்துக்கொண்டு அரசியல் செய்தவர்கள் உண்டு. சிரியாவின் அறிஞர் முஸ்தபா அஸ்ஸிபாஈ 1959இல் இஸ்லாமிய சோஷலிசத்தைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அவர் இக்வான் இயக்கத்தவர். ஆனால் அந்த இயக்கத்தைச் சிறையில் அடைத்துக்கொண்டிருந்த எகிப்தின் நாசருக்குத்தான் அந்த நூல் நன்றாகப் பயன்பட்டது! பாகிஸ்தானில் பூட்டோ 1967இல் தொடங்கிய கட்சி இஸ்லாமிய சோஷலிசம் என்றது. 1970 தேர்தலுக்கு முன் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட உலமாக்கள் சோஷலிசம் குஃப்ர் என்று ஃபத்வா கொடுத்தார்கள். பஞ்சாபிலும் சிந்துவிலும் மக்கள் பூட்டோவுக்கே ஓட்டுப் போட்டார்கள். அந்த பூட்டோ சிந்து மாகாணத்தின் பெரிய நிலக்கிழார் குடும்பத்துப் பிள்ளை. அவர் கட்சியில் நிலக்கிழார்களுக்குக் குறைவே இல்லை.

பெயருக்கும் காரியத்துக்கும் உள்ள தூரம் இப்படித்தான் எங்கும் இருந்திருக்கிறது. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1878இல் சோஷலிஸ்ட் அமைப்புகளைத் தடை செய்தார். அதே பிஸ்மார்க்தான் 1883இல் தொழிலாளிக்கு மருத்துவக் காப்பீட்டைச் சட்டமாக்கினார். ஹிட்லரின் கட்சிப் பெயரில் 'சோஷலிஸ்ட்', 'தொழிலாளர்' இரண்டும் இருந்தன. ஆட்சிக்கு வந்து சில மாதங்களில், 1933 மே 2 அன்று, தொழிற்சங்க அலுவலகங்களில் புகுந்து சங்கங்களை ஒழித்தது. இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள், நம்மில் பலருக்கு அங்கே சொந்தபந்தம் இருக்கிறது. 1977இல் ஜே.ஆர். ஜெயவர்த்தனா ஆட்சிக்கு வந்து இறக்குமதிக் கதவுகளைத் திறந்துவிட்டார், தனியார் வியாபாரத்துக்கு வழிவிட்டார். அடுத்த ஆண்டு அவர் கொண்டுவந்த அரசியலமைப்பில்தான் நாட்டின் பெயர் 'ஜனநாயக சோஷலிசக் குடியரசு' என்று ஆயிற்று. சந்தையைத் திறந்த கையே பெயர்ப் பலகையில் சோஷலிசம் என்று எழுதியது.

நம் நாட்டுக்கு வருவோம். 1948 நவம்பரில் கே.டி. ஷா என்ற உறுப்பினர் அரசியல் சட்டத்தின் முதல் பிரிவிலேயே சோஷலிஸ்ட் என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னார். டாக்டர் அம்பேத்கர் மறுத்தார். ஏழைகளைப் பற்றிய அக்கறை இல்லாததால் அல்ல. பொருளாதாரத்தை எப்படி அமைப்பது என்பதை அந்தந்தக் காலத்து மக்கள் முடிவு செய்யட்டும், அதை இப்போதே கட்டிப்போடக் கூடாது என்றார். வழிகாட்டும் நெறிகளில் அந்தக் கருத்துகள் ஏற்கெனவே இருக்கின்றன என்றும் சுட்டிக்காட்டினார்.

பிறகு 1955 ஜனவரியில், சென்னைக்குப் பக்கத்திலுள்ள ஆவடியில் காங்கிரஸ் மாநாடு. சோஷலிசப் பாணிச் சமுதாயமே லட்சியம் என்று அங்கேதான் தீர்மானம் போட்டார்கள். அதைப் பொறுக்க முடியாமல் ராஜாஜி 1959இல் சுதந்திராக் கட்சியைக் கண்டார். ஆனால் 1967 தேர்தலில் என்ன நடந்தது? தி.மு.க. கூட்டணியில் சோஷலிசத்தின் பரம எதிரியான சுதந்திராக் கட்சியும் இருந்தது, மார்க்சிஸ்ட் கட்சியும் இருந்தது, காயிதே மில்லத்தின் முஸ்லிம் லீக்கும் இருந்தது. மக்களுக்குச் சொன்ன வாக்குறுதி ரூபாய்க்கு மூன்று படி அரிசி. அன்று ஓட்டுப் போட்ட நம் பெத்தும்மாக்கள் யாரும் இது எந்த இசம் என்று கேட்டதாகத் தெரியவில்லை. படி எத்தனை வரும் என்றுதான் கேட்டிருப்பார்கள்!

முகவுரையில் அந்தச் சொல் ஏறியது நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல் வந்த 42ஆவது திருத்தத்தின் மூலம். எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தார்கள். பத்திரிகைக்குத் தணிக்கை. அந்த ஆண்டு ஏப்ரலில்தான் டெல்லி துர்க்மான் கேட்டில் நம் மக்களின் வீடுகளை புல்டோசர் இடித்தது, எதிர்த்து நின்றவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. சமதர்மம் என்று எழுதிய அரசாங்கமே ஏழையின் கூரையையும் பிய்த்தது. அடுத்து வந்த ஜனதா ஆட்சி அந்தச் சொல்லை நீக்கவில்லை. சுரண்டல் எந்த வகையிலும் இல்லாத நிலை என்று அதற்கு விளக்கம் எழுதப் பார்த்தது. மக்களவையில் நிறைவேறியது, மாநிலங்களவையில் தோற்றது. ஆகவே சொல் இருக்கிறது, அதற்கு விளக்கம் இல்லை.

பிறகு யார் வேண்டுமானாலும் அணிந்துகொள்ளும் சட்டை ஆகிவிட்டது அது. 1980இல் தொடங்கிய பாரதிய ஜனதா கட்சிகூடக் காந்திய சோஷலிசத்தைத் தன் கொள்கையில் வைத்தது. 1989இல் இருந்து தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்ய விரும்பும் எந்தக் கட்சியும் சோஷலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் ஆகிய கொள்கைகளுக்கு விசுவாசமாக இருப்போம் என்று தன் சட்டதிட்டத்தில் எழுதியாக வேண்டும். அதாவது இன்றைக்குச் சோஷலிசத்தைத் திட்டுகிற கட்சியும் அப்படி எழுதிக் கொடுத்துத்தான் பதிவு வாங்கியிருக்கிறது. 1991இல் லைசென்ஸ் ராஜ்யத்தை முடித்துத் தனியாருக்குக் கதவைத் திறந்தபோது முகவுரையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதை ஒட்டித்தான்: இங்கே அந்தச் சொல்லுக்கு மக்கள்நல அரசு, சமவாய்ப்பு என்று பொருள், தனியார் தொழிலை அது தடுக்கவில்லை.

இப்போதெல்லாம் அந்தச் சொல் வசவாகவும் பயன்படுகிறது. 2021இல் நம் மாநிலத்தில் பெண்களுக்கு டவுன் பஸ் கட்டணமில்லை என்றார்கள். இலவசம் கொடுத்து மக்களைச் சோம்பேறியாக்கும் சோஷலிசம் என்று சிலர் பேசினார்கள். 2019இல் கம்பெனிகளுக்கு வருமான வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைத்தபோது அதே வாய்கள் அதை ஊக்கம் என்றன. நம் பெண்கள் பஸ்ஸில் பீடிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு போவது சோம்பேறித்தனமாம்!

பீடி என்று வந்துவிட்டது. அந்த வெளி பெஞ்சுத் தாயிடம் போவோம்.

1976 என்று சொன்னோம் அல்லவா, முகவுரையில் சொல் ஏறிய ஆண்டு? அதே 1976இல்தான், அதே அரசாங்கத்தில்தான், பீடித் தொழிலாளர் நலவரிச் சட்டமும் நலநிதிச் சட்டமும் வந்தன. உற்பத்தியாகும் பீடிக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று உற்பத்தியாளரிடம் ஒரு சிறு வரி. அந்தப் பணம் ஒரு நிதியில் சேரும். அதிலிருந்து மருந்தகம், வீடு கட்ட உதவி, பிள்ளைகளுக்கு உதவித்தொகை. முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்று இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நம் உம்மாக்கள் போய் வந்திருக்கிறார்கள். அவர்கள் யாரும் அதைச் சோஷலிசம் என்று சொன்னதில்லை, "பீடி ஆஸ்பத்திரி" என்றுதான் சொன்னார்கள். ஆனால் நாங்கள் பார்த்த வரையில், முகவுரையில் இருந்த அந்தச் சொல் நம் தெருவுக்குள் நடந்து வந்த வழி அதுதான்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. மற்ற சிறு வரிகளோடு பீடி நலவரியும் போயிற்று. திட்டங்கள் நிற்கவில்லை, ஆனால் அதற்கென்று தனியாகச் சேர்ந்த பணம் இப்போது இல்லை, பட்ஜெட்டில் ஒதுக்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முகவுரையில் சொல்லைக் காப்பாற்ற உச்ச நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. நலவரி போனது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு ஜமாஅத்தில்கூட அதைப் பற்றி யாரும் பேசிக் கேட்கவில்லை. நாங்களும் பேசவில்லை.

இனி சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அரசாங்கம் எந்தப் பெயரில் எதைக் கொடுத்தாலும் அது கையில் வந்து சேரப் பெயர் கணக்கில் இருக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து சுற்றுபவரும் தொழிலாளிதான் என்று 1966ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. வீட்டில் சுற்றுபவருக்கும் பி.எஃப். உண்டு என்பதை 1980களில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஆனால் நம் தெருக்களில் நடப்பது என்ன? ஒரு பாஸ்புக், அதில் மாமியார் பெயர். சுற்றுவது மாமியார், மருமகள், மகள் மூன்று பேர். கடையில் போய் என் பெயரையும் சேருங்கள் என்றால், "இலை வேணுமா வேண்டாமா?" என்று கேள்வி வரும். பேசாமல் இலையையும் தூளையும் வாங்கிக்கொண்டு வருவார்கள்.

அந்தக் கடைகளை நடத்துபவர்கள் யாரோ வேற்றூர்க்காரர்கள் இல்லை. சிலர் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவர்கள். இந்த டிரஸ்டுக்கு ரமளானில் தாராளமாக ஜகாத் கொடுப்பவர்களும் அவர்களில் உண்டு. அந்தத் தாயின் பெயர் எந்தக் கடைக் கணக்கில் இல்லையோ அந்தக் கடையை நடத்துபவரின் ஜகாத்திலிருந்துதான் போன வருடம் நாங்கள் அவருக்குப் பெருநாள் துணியும் மளிகையும் கொடுத்தோம். ரசீதுகளை எடுத்துப் பார்த்தபோதுதான் எங்களுக்கே அது உறைத்தது. அவருடைய உரிமையாக வர வேண்டியது நின்றுபோய், தர்மமாக ஒரு பகுதி திரும்பி வந்திருக்கிறது. வாங்கும்போது அவர் துஆச் செய்தார். நாங்கள் ஆமீன் சொன்னோம்.

அந்தச் சகோதரரைக் குறை சொல்லி நாங்கள் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. அவரிடம் நேரில் போய்ப் பேசினோம். கம்பெனி தரும் கமிஷன் குறைவு, எல்லாப் பெயரையும் ஏற்றினால் தாங்காது என்றார். அதில் உண்மை எவ்வளவு என்று கணக்கைப் பார்த்தால்தான் தெரியும், காட்டுகிறேன் என்றிருக்கிறார். அவர் மனம் கோணி அடுத்த ரமளானில் ஜகாத்தை வேறு இடத்துக்குக் கொடுத்துவிடலாம். நிர்வாகக் குழுவில் அந்தப் பயம் வந்தது, ஒளிக்கவில்லை. எத்தனை பிள்ளைகளின் பீஸ் அதில் கட்டுகிறோம் என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இருந்தாலும் ஜகாத் வேறு, கூலி வேறு. கூலியில் குறைத்ததை ஜகாத்தால் ஈடுகட்ட முடியாது. ஆலிம்களிடம் கேட்டோம், அவர்களும் அதையே சொன்னார்கள்.

தேர்தல் வரும். மேடைகளில் இந்தச் சொல் மறுபடி வரும், புகழாகவும் வரும், திட்டாகவும் வரும். யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று டிரஸ்ட் சொல்லாது, சொல்லவும் கூடாது. ஆனால் நம் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வருபவரிடம் நீங்கள் சோஷலிஸ்டா என்று தம்பிமார்கள் கேட்க வேண்டாம். போன நலவரிக்குப் பதிலாக என்ன செய்யப் போகிறீர்கள், வீட்டில் சுற்றுகிற பெண்ணின் பெயரைக் கணக்கில் ஏற்ற யாரை அனுப்புவீர்கள் என்று கேளுங்கள். அந்தப் பெரியவர் இங்கே முன்வரிசையில்தான் இருக்கிறார். அவரே சொன்னார், "இப்படிக் கேக்கிறதா இருந்தா நானும் வாரேன்" என்று.

கடைசியாக ஓர் அறிவிப்பு. வருகிற சனிக்கிழமையிலிருந்து வாராவாரம் அஸருக்குப் பிறகு மஃக்ரிப் வரை அலுவலகத்தில் பீடித் தொழிலாளர்களுக்காக ஒரு மேசை போடுகிறோம். கல்லூரியில் படிக்கும் நம் பெண்பிள்ளைகள் இருவர் உட்காருவார்கள், ஆண்கள் யாரும் உள்ளே இருக்க மாட்டோம். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், கடையில் கொடுத்த பாஸ்புக் எது இருக்கிறதோ கொண்டுவாருங்கள். பாஸ்புக் மாமியார் பெயரில் இருந்தால் மாமியாரையும் அழைத்து வாருங்கள். எதுவுமே இல்லாதவர்கள் எந்தக் கடைக்கு, எத்தனை வருடமாக, வாரத்துக்கு எத்தனை ஆயிரம் சுற்றுகிறீர்கள் என்று வாயால் சொன்னால் போதும், எழுதிக்கொள்வார்கள். கடை வைத்திருக்கும் சகோதரர்கள் ஞாயிற்றுக்கிழமை லுஹருக்குப் பிறகு நோட்டுப் புத்தகங்களோடு வந்தால் நிர்வாகக் குழுவினர் தனியாக உட்கார்ந்து பேசக் காத்திருப்போம். முதல் சனிக்கிழமை முதல் பெயராக அந்த வெளி பெஞ்சுத் தாயின் பெயரைத்தான் எழுதச் சொல்லியிருக்கிறோம்.